பச்சை வராததற்கு நான் காரணமில்லை

நோவி சாத்,
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

பெருமதிப்புக்குரிய அக்கா ஸ்தமென்காவுக்கு உன் ஒரே தம்பி ராதிவோயே பணிவோடு எழுதுவது. இங்கே என் மானத்தைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே உன் இரத்த அழுத்தமும் அத்தானின் முழங்காலும் சொன்ன பேச்சு கேட்கின்றன என்று நம்புகிறேன். நீ கொடுத்தனுப்பிய குடைமிளகாய்த் துவையல் ஜாடி இரண்டும் பஸ் டிரைவர் கையால் உடையாமல் வந்து சேர்ந்தன. ஒன்று அதற்குள் காலி.

அக்கா, நாளையோடு நான் ஆய்வுக்கூட உதவியாள் வேலையை விடுகிறேன். ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. பதறாதே, முழுதும் படி. எங்கள் தியானா நான்கு வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள் அல்லவா, அவள் செய்வது குவாண்டம் புள்ளி என்ற ஒன்று. கண்ணுக்கே தெரியாத பொடித் துகள்கள். எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை இருநூற்று நாற்பது டிகிரிக்குச் சூடாக்கி, மருந்தை ஒரே மூச்சில் ஊசியால் செலுத்தி, நாற்பது விநாடி எண்ணி, அடுப்பை விலக்கி ஆறவிட வேண்டும். துகள் சின்னதாக நின்றுவிட்டால் புறஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். சூடு இறங்காமல் வளர்ந்துகொண்டே போனால் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு. அவளுக்கு வேண்டியது பச்சை. ஆகஸ்டில் நான் கழுத்து வலியால் விடுப்பில் இருந்தபோது மூன்று முறை செய்தாள், மூன்றும் தளிர்ப் பச்சை. நான் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து ஆரஞ்சு.

முதலில் அமிலத்தின் மேல் பழி விழுந்தது, புதுப் புட்டி வாங்கினோம். அப்புறம் வெப்பமானி, அதையும் மாற்றினோம். பிறகு நைட்ரஜன் உருளை, அதைத் தூக்கிவந்ததில் என் இடுப்பு போனது. குடுவையை மூன்று தடவை நானே கழுவினேன். மறுபடியும் ஆரஞ்சு. பேராசிரியர் வுயாதின் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. தியானா சாப்பிடுவதை விட்டாள். இத்தனை அமளியிலும் நான் என் கடமையில் ஒரு குறை வைத்தேனா சொல். காலையில் நுழைந்ததும் கோட்டை மாட்டுவதற்கு முன்பே எதிரெதிரே இருக்கும் இரண்டு ஜன்னலையும் சாத்திவிடுவேன். குறுக்குக்காற்று கழுத்தில் பட்டால் ஆள் அவ்வளவுதான் என்று நீதானே சொல்லி வளர்த்தாய். தியானாவும் ஒவ்வொரு முறையும், "நல்லவேளை சாத்தினீங்க மாமா, நான் கவனிக்கவேயில்ல" என்பாள். பெற்ற மகள்கூட அப்படி நன்றி சொல்லமாட்டாள்.

அந்தப் பெண்தான் போன திங்கட்கிழமை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். சூடு, நேரம், அளவு எல்லாம் வரி வரியாக எழுதியிருக்கிறாள், ஒன்றும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. நான் இருந்தால் ஆரஞ்சு, இல்லாவிட்டால் பச்சை. செவ்வாய்க்கிழமை என்னைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துச் செய்து பார்த்தார்கள். பச்சை. நேற்று உள்ளே கூப்பிட்டார்கள். ஆரஞ்சு. நான் எதையும் தொடவில்லை அக்கா, சத்தியமாக. வந்தேன், ஜன்னலைச் சாத்தினேன், கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றேன். வுயாதின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதே ராதிவோயே. நாளன்னிக்கு நீ வீட்டிலேயே இரு."

முப்பத்தொரு வருடம், அக்கா. அழுகை வந்தது, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

நாளை பத்து மணிக்கு ஆய்வை மதிப்பிட மூவர் குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரே பச்சை வந்தால் ஆய்வு தொடரும். வராவிட்டால் மூடிவிடுவார்கள், தியானா நான்கு வருடத்தைக் குப்பையில் போட்டுவிட்டுக் கிராத்ஸ் நகரில் ஏதோ ஓட்டலில் படுக்கை விரிக்கப் போவாள். குழுத் தலைவர் பேராசிரியர் ஒப்ராத் ஒருவர்தான் எனக்கு ஆறுதல். ஜூலையிலும் கழுத்தில் சால்வை, எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார். நம் மாதிரி மனிதர். நான் இல்லாத குறையை அவர் தீர்த்துவைப்பார். உன் மருமகனின் ரொட்டிக்கடையில் எனக்கு ஓர் இடம் கேட்டுச் சொல். அடுப்படி என்றால் நல்லது, காற்று வராது.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகள் தும்மாமல் வளரட்டும். புனித லூக்கா திருநாளுக்கு உன் வீட்டு மேசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம்.

உன் பாசமுள்ள தம்பி,
ராதிவோயே

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, மத்தியானம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். காலையில் காப்பியை ஆறட்டும் என்று ஜன்னல் விளிம்பில் வைத்தேன். காற்றடித்தது, ஜன்னலைச் சாத்தினேன். தினமும் எண்ணுகிற அதே அளவு எண்ணிவிட்டுக் குடித்தேன், நாக்கு வெந்துபோயிற்று. காற்றில்லாமல் காப்பி ஆறவில்லை அக்கா. காப்பி ஆறாவிட்டால் குடுவை மட்டும் ஆறுமா? நாங்கள் மூச்சு விட்டதை நோட்டில் எழுதுவதில்லை, ஜன்னல் சாத்தியதையும் எழுதவில்லை. அப்போதுதான் ஒப்ராத் ஞாபகம் வந்தது. வீட்டுச் செருப்போடு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன்.

நான் நுழைந்தபோது தியானா மருந்தைச் செலுத்திவிட்டு நாற்பது எண்ணிக்கொண்டிருந்தாள். ஒப்ராத்தின் கை ஜன்னல் கொக்கியில் இருந்தது.

"கையை எடுங்க ஐயா," என்றேன்.

"கழுத்துல அடிக்குதுப்பா."

"அடிக்கட்டும். என் மறைவுல நில்லுங்க."

என் சால்வையையும் அவர் கழுத்தில் சுற்றிவிட்டு, இரண்டு ஜன்னலுக்கும் நடுவே, கொஷாவா என்கிற எங்கள் ஊர்க் குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். தியானா அடுப்பை விலக்கினாள், குடுவை ஆறியது. விளக்கைப் போட்டாள். பச்சை. தியானா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ராஜினாமாவைக் கிழித்துப்போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அக்கா. கழுத்து வலிக்கவில்லை. இதோ மூன்று மணி நேரமாகக் காத்திருக்கிறேன், வலிக்கவேயில்லை. இதை நீ அத்தானிடம்கூடச் சொல்லாதே.