உன் அப்பா மவுஸ் அம்பாகி நின்ற இடம் பற்றி

அன்பு மகன் பூபதிக்கு,

திருச்செங்கோட்டுத் தோட்டத்திலிருந்து உன் அம்மா வள்ளியாத்தாள் எழுதுவது. இங்கே நானும் மாடும் நலம். உன் ஊட்டுக்காரியும் நலமாகத்தான் இருப்பாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. ராய்ப்பூர் பக்கம் போர் போடும் ரிக் லாரியோடு அலையும் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க மலைமேல் இருக்கும் அம்மையப்பனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் போனில் வாயைத் திறந்தால் போதும், சமையலறையில் மிக்சி நின்றுவிடுகிறது. அதனால் ரிக்குக்குச் சாமான் ஏற்றிவரும் நம் டிரைவர் சின்னுசாமியிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். வேறு பசை வாசம் வந்தால் யாரோ பிரித்துப் படித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்.

விஷயம் நம் தோட்டத்துப் போர்வெல்தான். மோட்டார் போட்டால் காற்றுதான் வருகிறது. தென்னை ஒவ்வொன்றாகக் கருகுகிறது, இந்தக் கோடை தாண்டாது. நீ வண்டியோடு வந்து ஒரு போர் போட்டுவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்கிறாய். ஒன்றுதான் போட முடியும் என்றால் அது தப்பான இடத்தில் விழக்கூடாது அல்லவா? மெஷினை வைத்துப் பார்த்த ஜியாலஜிக்காரர் கிழக்கு வேலியோரம் என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துப் போய்விட்டார். உன் அப்பா இருந்திருந்தால் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்திருப்பார், தண்ணீர் ஓடும் இடத்தில் தேங்காய் எழுந்து நின்றிருக்கும். அவர் போய்ச் சேர்ந்தாரே என்று புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் உன் மகள் தனப்பிரியா இந்த வேலையைச் செய்தாள்.

நம் கம்பெனியைப் பற்றி வாடிக்கையாளருக்குக் காட்ட அவள் ஸ்லைடு செய்திருக்கிறாளே, அதில் முதல் பக்கத்தில் தேங்காயும் கையுமாக உன் அப்பா நிற்கும் படம். அதைக் காட்டி, "ஆத்தா, அப்பாருவை மவுஸ் அம்பா மாத்தப் போறேன், பாருங்க" என்றாள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், அதுவும் அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு, எனக்கா புரியாது? பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஸ்லைடை அப்படியே தூக்கி நெட்டில் ஏதோ ஓர் இடத்தில் போட்டாள். ஒரு சக்கரம் சுற்றியது. முதலில் வந்தது கம்பெனிப் பெயர், ரிக் லாரி, உன் அப்பா எல்லாம் சேர்ந்து கடுகு மாதிரி ஓர் அழுக்கு. அப்புறம் அவரை மட்டும் வெட்டிப் போட்டாள்.

"இத மாத்திக் குடுக்கறது ஆரு சாமி? எந்த ஊரு?"

"ஆளே இல்லீங்க ஆத்தா. தானா மாத்துது."

"கூலி எவ்வளவு?"

"ஓசிதானுங்க."

இங்கேதான் எனக்கு உறுத்தியது. ஓசியில் ஒருத்தன் எதற்கு என் வீட்டுக்காரரைச் சின்னதாக்கித் தர வேண்டும்? குடுத்த படத்தை அவன் என்ன செய்வான் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவதாக அங்கேயே எழுதியிருக்கிறதாம். "அழிக்கிறானா! உங்கப்பாருவையா?" என்று கத்தினேன். "செரி, அழிக்காம வெச்சிருந்தா பரவால்லீங்களா?" என்கிறாள் உன் மகள். அதெப்படிப் பரவாயில்லை? இரண்டும் தப்புதான்.

அடுத்து அந்த இடமே ஒரு கேள்வி கேட்டது. அம்பு நுனிக்குப் பதிலாகப் படத்தில் எந்தப் புள்ளி போய்த் தொட வேண்டுமாம். நான் யோசிக்கவே இல்லை, "தேங்காக் குடுமி" என்றேன். உன் மகள் அங்கே ஒரு தட்டுத் தட்டினாள், அப்பா வந்துவிட்டார்.

அவர்தானா என்று எனக்கு முதலில் சந்தேகம். நகம் அளவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு திரையெல்லாம் ஓடுகிறார். ஆனால் எழுத்து இருக்கும் இடத்துக்குப் போனால் மறைந்துபோய் ஒரு குச்சி மட்டும் நிற்கிறது. படிப்பென்றால் அவருக்கு அப்படித்தானே, அதைப் பார்த்துத்தான் நம்பினேன். என்னோடு ஒரு நாள் கடைவீதிக்கு வராத மனுசன், உன் ஊட்டுக்காரி நெட்டில் நைட்டி பார்க்கும்போது ஒவ்வொரு நைட்டி மேலும் போய் நின்றுவிட்டு வருகிறார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் மேலேயிருந்து எடுத்த நம் தோட்டத்துப் படத்தைத் தனப்பிரியா திறந்தாள். அப்பா வேலியோரமாக நடந்தார், மாட்டுக்கொட்டாய் தாண்டினார், உன் ஊட்டுக்காரி கார் ஷெட்டுக்கென்று சுண்ணாம்பில் கோடு போட்டிருக்கிறாளே, அங்கே வந்து சடாரென்று நின்றார். இழுத்தாலும் வரவில்லை. உயிரோடு இருந்தபோது தண்ணீர் கண்டால் எப்படி நிற்பாரோ, அப்படியே.

"கம்ப்யூட்டர் ஹேங் ஆயிருச்சுங்க அத்தை, வேறொண்ணுமில்ல" என்று பின்னால் ஒரு குரல். ஷெட்டு போய்விடும் என்ற பயம் அவளுக்கு. நான் நேராகப் போய் அந்த இடத்தில் முளைக்குச்சி அடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மறுபடியும் பார்க்கச் சொன்னேன். என்ன ஆயிற்று தெரியுமா? அப்பா நம் வேலியைத் தாண்டி, பங்காளி சென்னியப்பன் தோட்டத்துக்குள் போய் நின்றுவிட்டார்! வரப்புத் தகராறுக்கு அப்புறம் சாகிற வரைக்கும் அந்த மண்ணை மிதிக்காதவர். எனக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. சென்னியப்பன் மகன் தமிழரசு பெங்களூரில் என்ன வேலை பார்க்கிறான்? கம்ப்யூட்டர் வேலை. ஓசியில் மாற்றித் தருகிற அந்த ஆளில்லாத ஆள் யாராக இருக்கும்? உன் அப்பாவை வாங்கிவைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி பழக்கி அனுப்பியிருக்கிறான். இன்று காலை சென்னியப்பன் என்னைப் பார்த்து, "ஏனுங்க அண்ணி, சௌக்கியமுங்களா?" என்று சிரிக்கிறான். வருசக்கணக்காகச் சிரிக்காதவன் இன்றைக்கு எதற்குச் சிரிக்க வேண்டும்?

ஆகையால் அவன் முந்துவதற்குள் நீ வண்டியைத் திருப்பிக்கொண்டு வா. முதல் நாள் அப்பா நின்ற கார் ஷெட்டு இடத்திலேயே போர் போடு, அன்றைக்கு அவர் கெட்டுப்போகவில்லை. உன் ஊட்டுக்காரி அழுதாலும் கேட்காதே. அந்த மாற்றுகிற இடத்தை மூடச் சொல்லிப் போலீசில் எழுதிக்கொடுக்க வேண்டும், படித்த ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு வா.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ரிக் ஓடும்போது காதில் பஞ்சு வை. தாயின் ஆசி எப்போதும் உன் தலைமேல்.

இப்படிக்கு,
உன் அம்மா
வள்ளியாத்தாள்

பின்குறிப்பு: சின்னுசாமி லாரி பஞ்சராகி நிற்பதால் பருக்கையைப் பிரித்து இதையும் எழுதுகிறேன். போலீசுக்கெல்லாம் போக வேண்டாம். ஸ்லைடில் கடைசிப் பக்கத்தில் நான் இருக்கிறேனாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆயுத பூஜையன்று சின்னுசாமியை "ஒதுங்கி நில்றா" என்று விரலை நீட்டி அதட்டியபோது எடுத்த படம். தனப்பிரியா அதையும் அங்கே போட்டு மாற்றிவிட்டாள். அவ்வளவு சின்னதிலும் மூக்குத்தி மின்னுகிறது. மாற்றியவன் யாரோ நல்ல வேலைக்காரன், தமிழரசாகவே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். தொடுகிற புள்ளி என் விரல் நுனி. மவுசை நானே பிடித்துத் தோட்டம் முழுக்கப் போய்வந்தேன். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் பழுப்பு, கிழக்கு வேலியோரத் தென்னை மட்டும் இன்னும் பச்சை. அங்கேயே நின்றுவிட்டேன். ஜியாலஜிக்காரர் சொன்னார் என்று யாரும் சொல்லக்கூடாது, நான் காட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கார் ஷெட்டு முளைக்குச்சியைப் பிடுங்கியாயிற்று. அப்பா நின்றது கம்ப்யூட்டர் நின்றுபோனதால். நான் நின்றது நானாக நின்றது. அங்கே போடு.