மூன்றாம் வரிசை மைக்

பாடகர் குழுவின் மூன்றாம் வரிசையில் சத்யராஜுக்குக் கொடுத்திருந்த மைக்கிலிருந்து மூச்சுக்கூட வரவில்லை.

“டீச்சர், இந்த மைக் செத்துப்போச்சி.”

பாட்டை நடத்தும் மேரி டீச்சர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “வாயிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சிப் பாரு.”

மைக் எளிமையான பொருள்தான். உள்ளே மெல்லிய தகடு ஒன்று குரல் பட்டு நடுங்கும். அந்த நடுக்கம் மின்சாரமாகி, ஒயர் வழியே மிக்ஸருக்குப் போகும். மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ் உண்டு. குமிழ் பூஜ்யத்தில் இருந்தால் குரல் வாசலோடு சரி. ஐயம்பேட்டையில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்த சத்யராஜுக்கு இதெல்லாம் தெரியும். பூட்டிய பெட்டிக்குள் இருந்த மிக்ஸரில் அவனுடைய குமிழைப் பூஜ்யத்தில் வைத்தது மேரி டீச்சர் என்பது மட்டும் தெரியாது.

ஆண்டவர் கொடுத்த வரத்தைப் புதைத்து வைக்காமல் பிறருக்குப் பயன்படுத்துங்கள் என்று போதகர் பிரசங்கம் செய்த அன்றே அவன் குழுவில் பேர் கொடுத்தான்.

“உன் வரம் ஒயரிங் இல்லியாபா?” என்றார் போதகர்.

“அது வயித்துக்குங்க ஐயா. பாட்டுதான் நெஞ்சுல இருக்குது.”

“நெஞ்சுலயே இருக்கட்டுமேபா.”

ஆனால் வருகிறவனை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வெள்ளை அங்கி ஒன்று கொடுத்தார்கள். பத்து வயதிலிருந்து அவன் ஏங்கிய அங்கி அது.

சுருதி அவனுக்கு எப்போதுமே கிடையாது. தாளத்தை மட்டும் சர்ச்சுக்கு எதிர்வீட்டு வெங்கடேசனின் தறிச் சத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வான். அந்தத் தறி மூன்று மாதமாக ஓடவில்லை. கரை வேறு நிறம், உடல் வேறு நிறமாகக் கோத்து நெய்யும் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு கரைக்கு வெங்கடேசன், மறு கரைக்கு அவர் மனைவி சங்கரி. தன் தம்பி இறந்ததிலிருந்து சங்கரி தறிப் பக்கம் வருவதில்லை. யாரோடும் பேச்சும் இல்லை. ஆக, சத்யராஜுக்குத் தாளமும் போயிற்று.

மைக்குக்கு ஒயரை மாற்றினான். பேசவில்லை. மைக்கையே மாற்றினான். அதுவும் பேசவில்லை.

“வுட்டுத் தள்ளு. ஆண்டவருக்குப் பாட மைக் எதுக்கு?” என்றாள் மனைவி எஸ்தர்.

“அவருக்குக் கேக்கும், எஸ்தர். ஒரு மனுஷனுக்காவது கேக்கணும்னு ஆசையா இருக்குது.”

அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பூசணியும் சேவலும் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்காக வெளியே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அதற்கென்று ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை மூன்றாம் வரிசையை ஒட்டிய பின்கதவோரம் வைத்திருந்தார்கள். சத்யராஜ் அதைப் பார்த்தான். மிக்ஸரே வேண்டாம் என்று தன் மைக்கை நேராக அதில் செருகினான்.

செருகியது சரி. ஆனால் அந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஒயரே கிடையாது. தெருவைப் பார்த்த குழாய்க்கு மட்டும்தான் போகிறது. அவசரத்தில் இதை மறந்துவிட்டான்.

முதல் சரணம் பாடினான். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து சத்தத்தைக் கூட்டினான். இரண்டாம் சரணத்திலும் கேட்கவில்லை. முழுக்கத் திருகிவிட்டு அடித்தொண்டையிலிருந்து பாடினான்.

“வெளிய யாரோ அழுவறாங்களா?” என்று பக்கத்தில் நின்ற சிவராஜ் கிசுகிசுத்தான்.

“கீபோர்டுதான் ராங்கா போவுது,” என்றான் சத்யராஜ், மைக்கை இறக்காமலே. பிறகு கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தான்: “ஆண்டவரே, ஒரே ஒரு ஆளுக்குக் கேக்கட்டும்.”

பின்னணியோ குழுவோ இல்லாமல் அவன் குரல் மட்டும், அந்த முணுமுணுப்போடு சேர்த்து, தெரு முழுக்கப் போனது. நாய்கள் பதில் சொன்னதும்தான் போதகர் வெளியே எட்டிப் பார்த்தார். ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்.

“தெருவே வாசல்ல நிக்குதுபா!”

“உன் குமிழை நான் சும்மாவா அடைச்சி வெச்சேன்?” மேரி டீச்சர் ஆத்திரத்தில் உண்மையைக் கொட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சத்யராஜுக்கு எல்லாம் புரிந்தது. அங்கியைக் கழற்றினான். நாலாக மடித்து, கீபோர்டின் மேல் வைத்தான். “தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். இனிமே ஃபேன் ரிப்பேருன்னா மட்டும் கூப்புடுங்க.”

அப்போது எதிர்வீட்டு வெங்கடேசன் மேல்மூச்சு வாங்க உள்ளே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று போதகர் கும்பிட்டார். “மன்னிச்சிக்கணும், இனிமே சத்தம் வராது.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சாமி! என் சம்சாரம் மூணு மாசம் கழிச்சி இன்னைக்குத்தான் சிரிச்சா, சிரிச்சிக்கினே வந்து தறியில உக்காந்துட்டா. பத்து இழை ஓடறதுக்குள்ள நிறுத்திட்டீங்களே, அந்தாள இன்னொரு வாட்டி பாடச் சொல்லுங்க!”