கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்

பிள்ளைகளா, தெரியாததைக் கேட்டால் மானம் போய்விடும் என்று நினைத்தவன் உங்கள் அப்பா. கேட்காததால்தான் போனது.

அப்போது பெரம்பலூரில் ஒரு சின்ன ஆபீஸில் இருந்தேன். மக்காச்சோளம் அறுக்கும் வண்டிக்கு விவசாயிகள் போனிலேயே முறை பதிந்துகொள்ள ஒரு செயலி செய்திருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உதவிப் பக்கங்கள் எழுதுவது என் வேலை.

கூட வேலை பார்த்த செல்வி சொன்னாள்: "அண்ணே, வேர்டு வேணாம். ஹெச்டிஎம்எல் எடிட்டர்ல எழுதுங்க, போன்ல ஒழுங்கா தெரியும். அரை நாள் உக்காருங்க, சொல்லித்தரேன்."

"பத்திரிகை அடிக்கிற கடையில ஆறு வருஷம் வேர்டுலயே குடியிருந்தவன்மா நான். எனக்கே பாடமா?"

(பன்னிரண்டாவதோடு நின்றவன் சின்னப் பெண்ணிடம் பாடம் கேட்பதா என்ற வீம்பு.)

இருபது பக்கம் எழுதினேன். பூ பார்டர், தலைப்புக்கு நிழல். அசல் காதுகுத்துப் பத்திரிகை. தாய்மாமன் பெயர்தான் பாக்கி. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் எழுதவில்லை. 'கீழே உள்ள படத்தைப் பார்த்து அழுத்தவும்' என்று முடித்துவிட்டேன். வேர்டிலேயே வலைப்பக்கமாகச் சேமித்து ஏற்றினேன். போனில் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் அரும்பாவூர் விவசாயி ஒருவர் போனை நீட்டியபடி வந்தார்.

"கீழ வெறும் கட்டமாத்தான் இருக்கு. படம் எங்க தம்பி?"

"நீங்க எதை அழுத்துனீங்க?"

"செவப்பா ஒண்ணு இருந்துச்சு, அதை."

முறையை உறுதிசெய்யப் பச்சை; சிவப்பு என்றால் ரத்து. மறுநாள் வரவேண்டிய அவர் முறை பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது.

செல்வி எட்டிப் பார்த்தாள். "பூ பார்டரும் காணோம், படமும் காணோம். சேமிச்சப்ப கூடவே ஒரு ஃபோல்டர் வந்திருக்குமேண்ணே?"

"குப்பைன்னு அழிச்சுட்டேம்மா."

"படம் பூரா அதுக்குள்ளதாண்ணே இருந்துச்சு!"

வண்டிக்காரருக்குப் போன் போட்டோம். வண்டி அதற்குள் தொலைவில் மீன்சுருட்டிப் பக்கம் போயிருந்தது. அது திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்டதும் அவர் மறுபடி வந்தார். கையில் முளைவிட்ட கதிர். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்குத்தான் போனு பாக்கத் தெரியல தம்பி" என்றார்.

மறுநாளே செல்வியிடம் போய் உட்கார்ந்தேன். அரை நாள்தான் ஆனது.

இன்றும் உங்கள் அம்மா காலித் தட்டை என் முன்னால் வைத்து, "கீழே உள்ள படத்தைப் பார்த்துச் சாப்பிடவும்" என்பாள். நீங்கள் உருண்டு சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன்.

அன்று முளைவிட்ட கதிரோடு நின்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டவருக்கு நான் சொன்ன பதிலை மட்டும் உங்களிடம் சொன்னதில்லை.

"பரவாயில்லைங்க" என்றேன்.