துறைமுக முரசின் மூன்று தலையங்கங்கள்

தந்தி வந்த பிறகே தங்கள் கொள்கை இன்னதென்று தெரிந்துகொள்ளும் பத்திரிகாசிரியர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெய்ரூத்தில் எங்களுக்கு வாய்த்தவர் 'துறைமுக முரசு' ஆசிரியர் ஃபத்லுல்லா எஃபெண்டி. அவர் எழுதியதையெல்லாம் பதினான்கு வருஷம் அச்சுக் கோத்தவன் நான். ஆகவே இது கேள்விப்பட்ட கதை அல்ல.

பெய்ரூத்தையும் சேர்த்து ஆண்ட துருக்கிச் சுல்தான் இஸ்தான்புல்லில் அரியணையில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தவரை, எங்கள் தலையங்கத்தில் அவர் 'பூமியின்மேல் இறைவனின் நிழல்'. அவர் தும்மினாலும் அது குடிமக்கள் நலனுக்காகத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் ஆண்டு ஜூலையில் இளம் அதிகாரிகள் கிளர்ந்தெழுந்து, சுல்தான் முடக்கிவைத்திருந்த அரசியல் சாசனத்தை மீட்டார்கள். மறுநாளே எஃபெண்டி, இருப்பதிலேயே பெரிய எழுத்தாகக் கேட்டு வாங்கி, 'முப்பது வருஷக் கொடுங்கோன்மை ஒழிந்தது' என்று போட்டார். போட்டுவிட்டுச் சதுக்கத்துக் காப்பிக்கடைக்கும் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் உஸ்தாத், போன வாரம்கூட அவரு கடவுளோட நிழல்னு எழுதினீங்களே?" என்றார் கடைக்காரர் அபூ ஷாஹீன்.

"நிழல்னா நகரத்தானே செய்யும்," என்று ஹூக்காப் புகையை விட்டார் எஃபெண்டி.

வெட்கம்? அது வேறு இனத்துக்கு உரியது.

அடுத்த ஏப்ரலில் மறுபடி தந்தி. தலைநகரில் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள், இளம் அதிகாரிகள் ஓடிவிட்டார்கள், சுல்தான் கை ஓங்கிவிட்டது. எஃபெண்டி ஒரு மணி நேரம் யோசித்தார்; அவரைப் பொறுத்தவரை அது நீண்ட காலம். பிறகு, 'மீசை முளைக்காத நாத்திகர்கள் தொலைந்தார்கள்' என்று எழுதித் தந்தார். பதினோரு நாள் கழித்து அந்த மீசை முளைக்காதவர்களின் படை தலைநகரில் நுழைந்தது. சுல்தானின் அரியணை போனது. அங்கே பாலத்தருகே கலகக்காரர்களுக்குத் தூக்குமரங்கள் நிற்கின்றன என்ற செய்தியும் வந்தது. அதற்கு அடுத்த நாள் எஃபெண்டியையும், அச்சுக் கோத்த குற்றத்துக்காக என்னையும் அரசு மாளிகைக்கு அழைத்துப் போனார்கள்.

மேஜைமேல் எங்கள் இதழ்கள் இரண்டு கிடந்தன. துருக்கிய அதிகாரி ஒன்றில் ஒரு விரலும் மற்றதில் ஒரு விரலும் வைத்தார்.

"இதுல எது நீ?"

"தேதியைப் பாருங்க, பே," என்றார் எஃபெண்டி. துருக்கிய அதிகாரிகளிடம் 'பே' என்றால் 'ஐயா'. "அந்தந்தத் தேதிக்கு ரெண்டுமே நான்தான்."

அதிகாரியின் முகம் இறுகியது. அந்தச் சமயத்தில்தான் காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் எஃபெண்டியின் மனைவி நஸீரா.

"பே, இந்த மனுஷனோட பத்தொன்பது வருஷமா குடும்பம் நடத்தறேன். கஞ்சியில உப்பு சரியான்னு கேட்டா, என் முகத்தைப் பாத்துட்டுத்தான் பதில் சொல்வாரு. இவரா உங்க சர்க்காரைக் கவுப்பாரு? வேற யாராவது கவுத்துட்டாங்களான்னு விசாரிச்சுட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புவாரு."

அதிகாரி உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். "நாளைக்குப் படையைப் பாராட்டி எழுது. போ."

"எத்தனை பத்தி, பே?" என்றார் எஃபெண்டி.

திரும்பும் வழியில் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "எனக்குன்னு ஒரு கொள்கையும் இல்லைன்னு அந்நிய மனுஷன் முன்னாடி சொல்லிட்டியே, நஸீரா."

"கழுத்து மிச்சம் இருக்கில்ல? கொள்கை வந்தா அதுல மாட்டிக்குங்க."

உண்மையாகவே அவருக்கு வலித்தது. அச்சகத்துக்கு வந்ததும், அதிகாரி மூன்று பத்தி போதும் என்றிருந்த இடத்துக்கு ஐந்து பத்தி எழுதினார். சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிக்கொண்டே எழுதினார். மூன்று தலையங்கத்திலும் அதுதான் சிறந்தது.

மூன்று இதழும் ஒரு பிரதி மிச்சமில்லாமல் விற்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று சொன்னதை இன்று மறுக்கிறாயே என்று ஒருவர்கூடப் பத்திரிகையைத் திருப்பித் தரவில்லை. மூன்று முறையும் தலையாட்டினார்கள்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு முன்னறையில் இப்போது ஒரு தலைவர் படம் தொங்குகிறதல்லவா, அதைச் சற்றே நகர்த்திப் பாருங்கள். பின்னால் சுவரில் வேறு அளவில் ஒரு படச்சட்டத்தின் தடம் தெரிந்தால், எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். படத்தைப் பழையபடி வைத்துவிடுங்கள். ஆணியை மட்டும் ரொம்ப ஆழமாக அடிக்காதீர்கள்.