சிரித்தால் தெரியும் பல்

தனியாக இருக்கும் மனிதனுக்குப் பல்வலி மட்டும் வரவே கூடாது. காய்ச்சல் என்றால் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம். சொத்தைப் பல்லுக்கு உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

அப்போது நான் நீலசந்திராவில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். அறையிலேயே ஆபீஸ் வேலை. மீட்டிங்கில் கேமராவை அணைத்தே வைத்திருப்பேன் (போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்).

சொத்தை, மேல் வரிசையில் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில். டாக்டரம்மா கன்னடக்காரர், ஆனாலும் எனக்காகத் தமிழ் பேசினார்.

"சில்வர் அடைச்சா கெட்டி சார், ரொம்ப வருஷம் வரும். ஆனா பளிச்சுனு தெரியும். பல் கலர்லயே அடைக்கறதும் இருக்கு. நீங்க சிரிச்சா இந்தப் பல் தெரியுதான்னு பாக்கணும். ஸ்வல்ப நகி சார்."

கொஞ்சம் சிரி என்கிறார். சிரித்தேன். அதாவது, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தேன்.

"மேடம், சாருக்கு ரொம்ப நோவுது போல" என்று பதறினார் நர்ஸ்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "வீட்ல யாரையாவது கேளுங்க. நீங்க சிரிச்சு பாத்தவங்க சொல்வாங்க."

போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். டீம் லீடர், தண்ணி கேன்காரர், வீட்டு ஓனர். நான் சிரித்துப் பார்த்தவர் இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் அது எனக்கே உறைத்தது.

கடைசியில் கோலார் தங்கவயலில் இருக்கும் அக்காவுக்கு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, நான் சிரிச்சா மேல் பல்லு தெரியுமா?"

"என்னாடா, பொண்ணு வூட்டுக்காரங்க யாரனா வந்துகிறாங்களா?"

"பல்லு டாக்டர்கிட்ட இருக்கேன்கா."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"பல்லு நோவுதுன்னு ஒரு வார்த்த சொன்னியாடா? நீ சிரிச்சு நான் எப்ப பாத்தேன், எனக்கு எப்டிடா தெரியும்?" என்று அழத் தொடங்கிவிட்டாள். நர்ஸ் பஞ்சும் கையுமாக, யாருக்குத் துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு, "சில்வரே வைங்க மேடம். நான் சிரிக்கற ஆளில்ல" என்றேன். "இன்னொரு வாட்டி யோசிங்க சார்" என்றவரிடம் ஜமீன்தார் போலக் கையசைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை வீட்டுக்கு வரவழைத்தாள். கறிச்சோறு பரிமாறிக்கொண்டே, நான் போனில் கேட்டதை மாமாவுக்கு அப்படியே என் குரலில் நடித்துக் காட்டினாள். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

மாமா சோற்றில் கை வைத்தபடியே என் வாயை உற்றுப் பார்த்தார். "மூணு தலைமுறையா தங்கம் தோண்டுன குடும்பம். இவன் வாயில பாரு, வெள்ளி!" என்றார். அதற்கும் சிரித்தேன். மறுபடியும் தெரிந்தது.

இப்போதெல்லாம் அக்கா வீடியோ காலில் 'சாப்ட்டியா' என்று கேட்பதில்லை. "வெள்ளிய காட்டு" என்பாள். வாயைப் பிளந்து காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நானாகச் சிரித்து அது தெரிய வேண்டும். அதுவரை போனை வைக்க மாட்டாள்.