மூன்றடி தள்ளி நின்ற இறுதி ஆட்டம்

உயரமாகப் பிறந்த தமிழ்ப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்று, குசினியில் மேல் தட்டில் இருக்கிற பெரிய சட்டியை எடுத்துக் கொடுப்பது. மற்றது, எந்தக் குழுப் படத்திலும் பின் வரிசையில் நிற்பது. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது என்பது லண்டனுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே உயரமான பெண்ணைக் கண்டால் ஆளை விசாரிக்காமலே கூடைப்பந்து அணியில் சேர்த்துவிடுவார்கள்.

என்னைச் சேர்த்தவள் டெமி. எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் தலைவி. என் தோள் உயரம்கூட இல்லை. கன்டீன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள், அண்ணாந்து பார்த்து, "நீ விளையாடுவாயா?" என்று கேட்டாள். விளையாடுவேன் என்றேன். அது பொய் இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்குக் கோல் போட்டவள் நான்தான். வலைப்பந்திலும் ஒரு பந்து, ஒரு வளையம். கூடைப்பந்திலும் ஒரு பந்து, ஒரு வளையம். வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். (பத்தொன்பது வயதில் எல்லாமே 'அவ்வளவுதானே' தான்.)

வலைப்பந்து தெரியாதவர்களுக்கு அதன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பில்லை என்பது விளங்கும். பந்தைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும், பந்தோடு ஓடக்கூடாது. கோல் போடுகிறவள் தனக்கென்று ஒதுக்கிய பகுதியைவிட்டு ஒரு கால்கூட வெளியே வைக்கக்கூடாது. எதிராளியிடம் பந்து இருந்தால் மூன்றடி தள்ளி நின்று, கையைத் தூக்கித்தான் மறிக்க வேண்டும். எங்கள் விளையாட்டு ரீச்சர் அந்த மூன்றடியை ஒரு தடியால் அளப்பார். கிட்டப் போனவளின் முழங்காலில் அதே தடியால் தட்டுவார். பள்ளிக்கூடக் காலம் முழுக்கத் தட்டு வாங்கி, அந்தத் தூரம் என் எலும்புக்குள் இறங்கிவிட்டது.

கூடைப்பந்தில் எல்லாம் தலைகீழ். பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். மைதானம் முழுக்கத் திரிய வேண்டும். எதிராளியின் மூச்சு நம் முகத்தில் படும் அளவுக்கு ஒட்டி நின்று மறிக்க வேண்டும். பயிற்சியில் இதையெல்லாம் படித்தேன். தலைக்கு விளங்கிவிட்டது, காலுக்குத்தான் விளங்கவில்லை. ஆகவே டெமி என்னை அந்தப் பருவம் முழுக்கக் களத்தில் இறக்காமல் ஓரத்து வாங்கில், அதாவது பெஞ்சில், இருத்தி வைத்தாள். தண்ணீர்ப் போத்தல் நீட்டுவதும் கைதட்டுவதும் என் பொறுப்பு. இரண்டையும் திறமையாகச் செய்தேன்.

வீட்டில் கதை வேறு. "எங்கட பிள்ளை யூனிவர்சிட்டிக்கு விளையாடுறா" என்று அம்மா நாங்கள் இருக்கிற செவன் கிங்ஸ் பகுதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வாங்கைப் பற்றி அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் பிரிவில் எட்டுப் பல்கலைக்கழகங்கள். குளிர்காலம் முழுக்க ஒன்றோடொன்று மோதும். முதல் நான்கு இடங்களில் வருபவை பருவ முடிவில் ஒரு சனி ஞாயிறு கூடிச் சாம்பியன்ஷிப்புக்காக விளையாடும். டெமி முதலாம் வருடத்திலிருந்து அந்த நாலுக்குள் நுழையத் தலைகீழாய் நின்றும் முடியவில்லை. அந்த வருடம் நான்காவதாக ஒட்டிக்கொண்டோம். சனிக்கிழமை அரையிறுதியில், பருவம் முழுக்கத் தோற்காத அணியை வீழ்த்தினோம். (என் பங்கு: தண்ணீர்.) டெமிக்கு அது படிப்பின் கடைசி வருடம். ஞாயிற்றுக்கிழமை வென்றால் கிண்ணம். தோற்றால் அவளுக்கு இனி ஒரு தடவை கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இறுதி ஆட்டம் ஹவுன்ஸ்லோவில் ஒரு விளையாட்டு மண்டபத்தில். அப்பாவுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட், போகிற வழியில் என்னை இறக்கிவிடுவதாகச் சொன்னார். காரில் ஏறப் போனால் அம்மாவும் தம்பியும் முன்னதாகவே ஏறி இருந்தார்கள்.

"நீங்கள் ஏன் அம்மா வாறியள்?" என்றேன், வாங்கை நினைத்து.

"ஃபைனலுக்கு நாங்கள் வராமல் வேற ஆர் வாறது?" என்றார் அம்மா. காஞ்சிபுரம்தான் உடுத்தவில்லை. மற்றபடி கோயிலுக்குப் போகும் அலங்காரம்.

மண்டபத்துக்குள் போனதும் டெமியின் முகத்தைப் பார்த்தேன், சரியில்லை. அணியில் நாங்கள் ஒன்பது பேர். ஒருத்திக்கு முதல் நாள் கணுக்கால் சுளுக்கி, பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. டூட்டிங்கில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த மூன்று பேரைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை லண்டனில் ரெயிலை நம்பிப் படுக்கப் போகிறவர்களுக்கு நடப்பதுதான் அவர்களுக்கும் நடந்தது. நோர்தேர்ன் லைனில் தண்டவாள வேலை, பதிலுக்கு விட்ட பஸ் நெரிசலில். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து பேர் களத்தில் இறங்காவிட்டால் ஆட்டம் இல்லை, கிண்ணம் மற்ற அணிக்கு.

டெமி ஆட்களை எண்ணினாள். தன்னோடு நாலு பேர். பிறகு வாங்கைப் பார்த்தாள். அங்கே நான் போத்தல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவர்கள் வந்து சேரும்வரை தாக்குப் பிடி. வேறொன்றும் கேட்கவில்லை," என்றாள்.

"உயிரைக் கொடுத்தாவது பிடிப்பேன்," என்றேன். பகிடி இல்லை, அப்படித்தான் நினைத்தேன். தலைமுடியை இறுக்கிக் கட்டினேன், சப்பாத்து நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டேன், பிள்ளையாரை நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் நிமிடத்திலேயே பந்து என் கைக்கு வந்தது. பிடித்தேன். நின்றேன். மிக ஒழுங்காக நின்று, யாருக்குக் கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்த்தேன். எதிரணிப் பெண் ஒருத்தி வந்து, கடைத் தட்டிலிருந்து பாண் எடுப்பதுபோல் என் கையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் வளையத்தை நோக்கி அவள் ஓட, எங்கள் நாலு பேரும் துரத்தினார்கள். நானும் துரத்தினேன். நடுக்கோடு வந்ததும் என் கால்கள் இரண்டும் பிறேக் போட்டன. பெருவிரல் கோட்டில் படாமல், உடம்பு மட்டும் முன்னுக்குச் சாய, அப்படியே நின்றேன்.

மேலே இருக்கைகளிலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, ஏன் அங்கை நிக்கிறாய்? எல்லாரும் ஓடுகினம். நீயும் ஓடன்!"

"அக்கா, லைனைத் தாண்டுங்கோ! ஒண்டும் செய்யமாட்டினம்!" இது தம்பி.

அடுத்த தடவை டெமி திரும்பி வந்து, என் ஜேர்சியைப் பிடித்து இழுத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டாள். அதற்கடுத்த தடவையும் இழுத்தாள். "இன்னொரு தரம் நின்றாயானால் தூக்கிக்கொண்டு போவேன்," என்றாள். (நடுவில் இன்னொரு சொல்லும் சொன்னாள். இதை அம்மா வாசிப்பார் என்பதால் விடுகிறேன்.) என் தோளுக்குக் கீழே நின்றுதான் சொன்னாள், ஆனாலும் தூக்கியிருப்பாள்.

நான் விடவில்லை. விழுந்தேன், எழும்பினேன். முழங்கையில் தோல் போனது. கதவைப் பார்த்தேன், டூட்டிங் ஆட்கள் இல்லை. சரி, பிடிப்போம் என்று பல்லைக் கடித்தேன்.

இதற்குள் எதிரணிப் பயிற்சியாளருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. இந்த நெட்டைப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பந்து இவள் கைக்கு வந்ததும் தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தள்ளினால் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. எங்கே போடப் போகிறாள் என்ற நம்பிக்கை.

ஃப்ரீ த்ரோ என்றால் என்ன? ஒரு கோட்டுக்குப் பின்னால் தனியே நிற்க வேண்டும். ஒருவரும் கிட்ட வரக்கூடாது. ஓட வேண்டாம், பந்தைத் தட்ட வேண்டாம், நின்ற நிலையில் எறிய வேண்டும். ஐயா, அது வலைப்பந்து! என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே காரியம்! பந்தைத் தலைக்கு மேலே தூக்கி, முழங்காலை மடித்து, ரீச்சர் சொல்லித் தந்தபடி எறிந்தேன். அந்தக் கோலத்தைப் பார்த்து மண்டபம் சிரித்தது. பந்து பலகையில் படாமல் நேரே வளையத்துக்குள் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

அவர்களும் விடாமல் தள்ளினார்கள், நானும் விடாமல் போட்டேன். "நான் சொன்னனான்தானே! சின்னனிலையிருந்தே இவ இப்பிடித்தான் போடுறவ!" என்று அம்மா பக்கத்து இருக்கை வெள்ளைக்காரருக்குத் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாலு பேரின் ஓட்டமும் என் எறிதலும் சேர்ந்து, கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளிதான் பின்னால் நின்றோம்.

"அவளைத் தொடாதே!" என்று எதிரணிப் பயிற்சியாளர் இப்போது தொண்டை கிழியக் கத்தினார். பந்து என் கைக்கு வந்த பதற்றத்தில் ஒருத்தி என் கையில் அடித்தேவிட்டாள். மறுபடி இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே, சமநிலை. இரண்டாவதும் உள்ளே, நாங்கள் ஒரு புள்ளி முன்னால். டெமி துள்ளிய துள்ளலில் அன்றைக்கு முதன்முதலாக என் கண் மட்டத்துக்கு வந்தாள்.

கட்டுரையை இந்த இடத்தில் நிறுத்தினால் எனக்கு நல்லது. ஆனால் ஆட்டத்தில் இன்னும் சில விநாடிகள் இருந்தன.

அவர்களுடைய சிவப்புத் தலைமுடிக்காரி பந்தைத் தட்டிக்கொண்டு பறந்தாள். டெமி மற்றப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். "அவளைப் பிடி! விடாதே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். ஓடினேன். நடுக்கோடு வந்தது. தாண்டினேன்! ஒருவரும் இழுக்காமல், என் சொந்தக் காலால் தாண்டினேன். அந்தக் கணத்தில் எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது, இனி என்னை யாராலும் நிறுத்த ஏலாது என்று தோன்றியது. சிவப்புத் தலைமுடிக்காரி வளையத்துக்கு முன்னால் நின்று பந்தைத் தூக்கினாள். நான் ஓடி அவளை எட்டிவிட்டேன். மறிக்க முன்னால் பாய்ந்தேன்.

மூன்றடியில் நின்றேன்.

குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கால்களைச் சேர்த்து, இரண்டு கைகளையும் வானத்துக்கு நீட்டி நின்றேன். ரீச்சர் பார்த்திருந்தால் தடியை எறிந்துவிட்டுக் கைதட்டியிருப்பார். சிவப்புத் தலைமுடிக்காரிக்கு நம்ப முடியவில்லை. என்னைப் பார்த்தாள். எங்களுக்கு நடுவில் சும்மா கிடந்த நிலத்தைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். "கிட்டப் போ!" என்று மண்டபமே கத்தியது. "கிட்டப் போ பிள்ளை!" என்று அம்மாவும் கத்தினார். போகச் சொல்லி நானும் என் காலைக் கெஞ்சினேன். அது முழங்காலைப் பற்றித்தான் கவலைப்பட்டது. அவள் அவசரமே இல்லாமல், வேண்டிய அளவு குறி பார்த்து எறிந்தாள். பந்து உள்ளே போனது. ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. ஒரு புள்ளியால் தோற்றோம்.

அப்போதுதான் கதவு திறந்தது. டூட்டிங்கிலிருந்து மூன்று பேரும் தோள் பையோடு மூச்சு வாங்க ஓடி வந்து, "தொடங்கிவிட்டதா?" என்று கேட்டார்கள்.

நான் தூக்கிய கையை இறக்க மறந்து அழுதுகொண்டிருந்தேன். டெமி நிலத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கிண்ணம் என் மூன்றடியில் போய்விட்டது. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் போதாது, அந்த நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். கனநேரத்துக்குப் பிறகு அவள் எழும்பி வந்து, "ஏன் கிட்டப் போகவில்லை?" என்று கேட்டாள். விக்கி விக்கி வலைப்பந்துச் சட்டத்தைச் சொன்னேன். தடியையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அழுகை நிற்காமலே சிரிக்கத் தொடங்கினாள். மற்றவர்களுக்கும் சிரிப்பு தொற்றியது. என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இறங்காவிட்டால் எங்களுக்கு இந்த ஒரு புள்ளித் தோல்விகூட இல்லை," என்றாள். ஆறுதலா நக்கலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில வருடங்களுக்குப் பிறகு என் கலியாணம். டெமியும் அணியும் சேலை உடுத்துக்கொண்டு வந்தார்கள். வாழ்த்த மேடைக்கு ஏறியவர்கள் கிட்ட வரவில்லை. மூன்றடி தள்ளி வரிசையாக நின்று, எட்டுப் பேரும் இரண்டு கையையும் உயரத் தூக்கினார்கள். என் மாமியார் அம்மாவின் பக்கம் திரும்பி, "உதென்ன?" என்றார்.

என் அம்மா பதற்றப்படும் ஆள் இல்லை. "அது இஞ்சத்தை யூனிவர்சிட்டிப் பிள்ளையளின்ர வழமை. பொம்பிளைக்குக் கண்ணூறு படாமல் மறிச்சு நிக்கிறது," என்றார்.

"நல்ல வழமைதானே," என்றார் மாமியார்.

அடுத்த வருடம் என் மைத்துனியின் கலியாணத்தில் மாமியார் தாமே ஆள் பிடித்து நிறுத்தினார். வீடியோ நாலு வீட்டுக்குப் போனது. தம்பி ஒவ்வொரு விருந்திலும் உண்மைக் கதையை அபிநயத்தோடு நடித்துக் காட்டுகிறான். சிரிக்கிறார்களே தவிர, ஒருவரும் நம்புவதில்லை.

போன மாதம் ஈஸ்ட்ஹாம் பக்கத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை என் கணவரோடு வேலை செய்பவர், மற்றபடி எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. தாலி கட்டி முடிந்ததும் பொம்பிளையின் தோழிகள் மேடையில் வரிசையாகிக் கையைத் தூக்கினார்கள். படம் எடுக்கிற பையன் என்னைக் கண்டுவிட்டான்.

"அக்கா, நீங்களும் வந்து நில்லுங்கோ. உயரமான ஆள், கண்ணூறு நல்லா மறியும்."

"இது என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"எங்கட ஆக்களின்ர பழைய வழமை அக்கா. ஊரிலை அந்தக் காலத்திலையே இருந்ததாம். உங்களுக்குத் தெரியாதோ?"

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குலுங்கினார். நான் மேடை ஏறினேன். பக்கத்தில் நின்ற பெட்டை பொம்பிளையின் மாலையில் முட்டுகிற மாதிரி நின்றாள்.

"தங்கச்சி, கொஞ்சம் பின்னுக்கு வாங்கோ," என்றேன். "மூண்டடி இருக்கோணும்."