முப்பத்திரண்டு பக்க ரகசியம்

ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்று நீதிமன்றம் தடையுத்தரவு போட்டுவிட்டது. எந்த ரகசியம் என்பதைத்தான் முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்திலும் எழுதவில்லை.

பாலிஷ்காரர் அந்தக் காகிதக் கட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஷூ பாலிஷ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். மெழுகு உருகுவதைப் பார்ப்பார், தீயைக் கூட்டுவார், குறைப்பார், டப்பாவில் ஊற்றச் சொல்வார். முழங்கால் போய்விட்டது. உட்கார ஸ்டூல் தருகிறோம் என்று போட்டிக் கம்பெனிக்காரர்கள் சொன்ன ஒரே காரணத்துக்காகப் போன மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார்.

"என்னங்க போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "'வாதிக்கு உரிய விலைமதிப்பற்ற தொழில் ரகசியம் பிரதிவாதியின் மூளையில் உள்ளது.'"

அவர் மெதுவாகத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை நாள் சீப்பு மட்டுமே போய்வந்த இடம்.

"இருபத்திரண்டு வருஷமா என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"எனக்கே தெரியாதுடி!"

"நடிக்காதீங்க. கோர்ட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியாதா?"

நீதிமன்றம் பொய் சொல்லுமா? ஆக, ரகசியம் இருக்கிறது. எது என்று தெரியாவிட்டால் பேச்சுவாக்கில் உளறி வைப்போமே! நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று பழைய கம்பெனிக்கே கிளம்பினார்.

கேட்டில் இருந்த காவலாளி, தினமும் இவரிடம் ஓசியில் பேப்பர் வாங்கிப் படித்தவன், இன்று விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்தான்.

"அண்ணே, உங்களை உள்ள விட்டா என் வேலை போயிடும்ணே."

"உள்ள வரலப்பா. நான் எதைச் சொல்லக்கூடாதுன்னு மட்டும் முதலாளிகிட்ட கேட்டுட்டு வா."

"ஐயோ, என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க!" என்று காதைப் பொத்திக்கொண்ட காவலாளி, அவர் வந்து போன நேரத்தை நோட்டில் குறித்து வைத்தான். மறுநாளே புது மனு வந்தது: பிரதிவாதி மிச்ச ரகசியத்தையும் எடுத்துப்போக முயன்றார்.

கூடவே பழைய கணக்கு ஒன்றையும் தோண்டி எடுத்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த அன்று அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில், விலகினால் இரண்டு வருஷம் வேறெங்கும் பாலிஷ் வேலை பார்க்கக்கூடாது என்று இருந்ததாம். பாலிஷைத் தவிர வேறெதுவும் தெரியாதவர் அவர். இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது.

வாயைத் திறந்தால்தானே வம்பு என்று அன்றிலிருந்து மௌனமானார். புதுக் கம்பெனியில் யார் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான்.

"என்ன அழுத்தமான மனுஷன்!" என்று புது முதலாளி அசந்துபோனார். ஸ்டூலை எடுத்துவிட்டுச் சுழல் நாற்காலி போட்டார். மூன்றாம் நாள் தனி அறையும் வந்தது. அவர் காதைச் சொறிந்தால் எதிரில் ஒருவர் குறிப்பெடுத்தார். 'தனி அறை கொடுத்துவிட்டார்கள், எனவே ரகசியம் கைமாறிவிட்டது' என்று பழைய கம்பெனி அடுத்த மனுவைத் தட்டியது.

வக்கீலிடம் போய் அழாத குறையாகச் சொன்னார். "சத்தியமா எனக்கு ஒரு ரகசியமும் தெரியாது சார்."

"அபாரம்!" என்றார் வக்கீல். "அப்படியே நிஜம் மாதிரி இருக்கு. கோர்ட்லயும் இதே மாதிரி சொல்லுங்க."

விசாரணை நாளில் நீதிபதி முதலில் கேட்டதே அதைத்தான். "அந்த ரகசியம் என்னன்னு தெரியாம நான் எப்படித் தீர்ப்பு சொல்றது? எழுதி, உறையில ஒட்டிக் கொடுங்க."

பழைய முதலாளியும் அவருடைய வக்கீலும் அரை மணி நேரம் கிசுகிசுத்தார்கள். பிறகு ஓர் உறை மேலே போனது. பெயர் கூப்பிடும் ஊழியர் அதைப் பிரித்து நீட்டினார். நீதிபதி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். பிறகு பாலிஷ்காரரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலிஷ்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு பெரிய மனிதரையே வாயடைக்க வைக்கும் ஒன்று தனக்குள் இருக்கிறதா? பயத்தையும் மீறி, பிறந்ததிலிருந்து இல்லாத பெருமை வந்து நெஞ்சை அடைத்தது.

"இவர் எங்க வேணும்னாலும் வேலை பார்க்கலாம். பிழைப்பைத் தடுக்க முடியாது," என்றார் நீதிபதி. "ஆனா அந்த ரகசியத்தை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. யாரும் இவர்கிட்ட கேட்கவும் கூடாது. யாருமே!"

பழைய முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரகசியத்தைக் காப்பாற்றிக் கொடுத்த பிறகும் இவருக்கு என்ன துக்கம் என்று பாலிஷ்காரருக்குப் புரியவில்லை.

வேலை தப்பியது. ஆனாலும் ரகசியம் என்னவென்று தெரியாமல் வெளியே வந்தவர் வராந்தாவிலேயே நின்றார். பெயர் கூப்பிடும் ஊழியர் பின்னாலேயே ஓடிவந்து கைகூப்பினார்.

"ஐயா, உங்களை ஒருதரம் கிட்டத்துல பார்க்கணும்னு வந்தேன். உறையைப் பிரிக்கும்போது என் கண்ணுல பட்டுடுச்சு."

"என்னப்பா எழுதியிருந்துது?" பாலிஷ்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குப் புண்ணியமாப் போகும், சொல்லிடு."

ஊழியர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'இவர் போனதிலிருந்து எங்கள் பாலிஷ் உறைவதே இல்லை, ரகசியம் என்னவென்று எங்களுக்கும் தெரியாது, நீதிமன்றம் தயவுசெய்து இவரிடமே கேட்டுச் சொல்லவும்'னு எழுதியிருந்துதுங்கய்யா."